ஊரப்பாக்கமா, மதுராந்தகமா, ஏரிக்கரைக் கிராமமா? மனை வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

2011 கணக்கெடுப்பின்போது ஊரப்பாக்கத்தில் ஏறக்குறைய 30 ஆயிரம் பேர் வசித்தார்கள். மதுராந்தகத்திலும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். இரண்டும் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள், இரண்டிலும் ரயில் நிற்கும். ஆனால் மதுராந்தகத்தில் தாலுகா அலுவலகம், நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம், அரசு மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் பல காலமாக இருக்கின்றன. நிர்வாகத்திலும் அது நகராட்சி. ஊரப்பாக்கமோ அப்போது கிராம ஊராட்சி. பத்திரம், வழக்கு, சான்றிதழ் என்று எதற்கும் அங்கிருந்து வெளியூருக்குத்தான் கிளம்ப வேண்டும்.

ஆள் கணக்கு ஒன்றாக இருந்தும் வசதி ஏன் ஒன்றாக இல்லை? சென்னைக்குத் தெற்கே மனை தேடுகிறவர்கள் கிரவுண்டு விலையை விசாரிக்கும் முன் இதை விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. புரோக்கர்கள் எல்லோரும் "இந்த ஏரியா வளரும்" என்பார்கள். வளரும், சரி. வளர்ந்த பிறகு அங்கே ஆஸ்பத்திரி இருக்குமா, குழாயில் தண்ணீர் வருமா என்பது வேறு விஷயம்.

ஒப்பிட ஒரு குடும்பம் வேண்டும். சென்னையிலோ ஒரகடம் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கும் ஒருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு வீடு கட்டும் அளவுக்குத்தான் பணம். தப்பாகப் போனால் விற்றுவிட்டு இன்னொன்று வாங்கும் வசதி கிடையாது. இவர்கள் முன்னால் மூன்று வழிகள்: மாநகரத்தின் விளிம்பில் இருக்கும் ஊரப்பாக்கம், அங்கிருந்து தெற்கே 50 கி.மீ. போலத் தள்ளியிருக்கும் மதுராந்தகம், அல்லது மதுராந்தகத்தைச் சுற்றி ஏழெட்டு கி.மீ.க்குள் உள்ள ஏதாவது ஒரு கிராமம்.

ஊர்களை எப்படி எடை போடுவது என்பதற்கு ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-லேயே ஒரு வழி சொல்லியிருக்கிறார். தென் ஜெர்மனியின் ஊர்களை வரிசைப்படுத்தியபோது அவர் ஆள் தொகையை மட்டும் நம்பவில்லை. எந்த ஊரில் எத்தனை டெலிபோன் என்று எண்ணினார். ஓர் ஊர் தனக்காக மட்டும் இயங்குகிறதா, சுற்றுப்பட்டுக்கும் சேர்த்து இயங்குகிறதா என்பதை டெலிபோன் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. அவர் சொன்னதில் நமக்கு இரண்டு செய்தி போதும். ஒரு கடையோ மருத்துவமனையோ தாக்குப்பிடிக்க இத்தனை பேராவது வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதைத் தேடி மனிதர்கள் வரும் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. டீக்கடைக்கு ஒரு தெரு போதும், ஸ்கேன் சென்டர் ஓட ஒரு தாலுகாவே வேண்டும். பால் வாங்க யாரும் பஸ் ஏற மாட்டார்கள். கண் ஆபரேஷன் என்றால் மதுரைவரைகூடப் போவார்கள்.

மதுராந்தகத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. மதுராந்தகத்து 30 ஆயிரம் பேருக்குப் பின்னால் சுற்றியுள்ள கிராமங்கள் நிற்கின்றன. உரம், நகை, கல்யாண ஜவுளி, பட்டா மாறுதல், பல்வலி என்று அத்தனை பேரும் அங்கே வந்து போவதால்தான் அந்தக் கடைகளும் அலுவலகங்களும் ஓடுகின்றன. ஊரப்பாக்கத்துக்கு அப்படி ஒரு சுற்றுப்பட்டு இல்லை. அங்கே வீடு கட்டியவர்கள் காலையில் தாம்பரம் பக்கம் கிளம்பி ராத்திரி திரும்புகிறவர்கள். தூங்குவதற்கான ஊர் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரலாம், ஆனால் புவியியல் பாடத்தில் அதற்கு அப்படித்தான் பெயர்.

முதலில் கிராமத்தைப் பார்ப்போம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். வற்றாத ஆறு இல்லாத சமவெளியில் மழைநீரைத் தேக்க ஏரி வெட்டி, அதன் கீழே ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தில் நெல் போட்டு, வெள்ளம் ஏறாத மேட்டில் வீடுகளை நெருக்கிக் கட்டிக்கொண்டதுதான் இங்கே ஊர் உருவான முறை. அந்த மேடுதான் நத்தம். விளைநிலம் வீணாகக் கூடாது, ஏரிக் காவலுக்கும் மடை திறக்கவும் ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவையும் அதில் அடங்கிவிட்டன. வசதிகளை ஊரே நடத்திக்கொண்டதற்கும் இந்த வட்டாரத்தில் பழைய சாட்சி உண்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்களைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஜனநாயகம் என்று நாம் பெருமையாக மேற்கோள் காட்டும் அந்தச் சபையில் நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அது இன்றைக்கும் பொருந்துகிற விஷயம். கிராமத்தில் குடியேறுவது எல்லோருக்கும் ஒரே மாதிரியான முடிவு அல்ல. ஊர்த்தெரு ஒரு பக்கம், தலித் மக்கள் வசிக்கும் காலனி இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் அமைப்பு இன்னும் போகவில்லை. ரேஷன் கடை எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், சுடுகாட்டுப் பாதை யாருடைய நிலத்தில் போகிறது என்பதெல்லாம் அந்தப் பிரிவை ஒட்டியே அமைந்திருக்கின்றன. நத்தத்தில் மனை விற்பனைக்கு வந்தாலும் யாருக்கு விற்பார்கள் என்பதை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. "அமைதியான கிராமத்து வாழ்க்கை" என்று எழுதும் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை.

இதைத் தாண்டி வருகிறவர்களுக்குக் கிராமத்தில் கிடைப்பது முன்னைவிட நிறையவே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறது. இ-சேவை மையம் வந்த பிறகு சான்றிதழ்களுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் நிற்பது குறைந்திருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைப் புவியியல் கண்ணோடு பார்த்தால் பெரிய மாற்றம்: டவுன் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே போய்வரும் செலவு வீட்டில் பாதிப் பேருக்குப் பூஜ்யமாகிவிட்டது. பஸ் எத்தனை டிரிப் வருகிறது என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி. மாலை ஏழு மணிக்கு மேல் பஸ் இல்லாத கிராமத்தில் பள்ளி முடித்த பிள்ளை டியூஷனுக்குப் போக முடியாது.

பள்ளி என்றதும் ஒரு சிக்கல் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி தொடக்கப் பள்ளி ஒரு கி.மீ.க்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இருக்கவும் செய்கின்றன. ஆனால் காலையில் மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை டவுனுக்கு அள்ளிக்கொண்டு போகின்றன. பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர்கள் குறைகிறார்கள். ஆசிரியர்கள் குறைந்ததைக் காட்டி இன்னும் நாலு பேர் வேனில் ஏற்றுகிறார்கள். கட்டடம் நன்றாக இருக்கும்போதே ஒரு பள்ளி இப்படித் தேய்ந்துவிடும். கிராமத்தில் மனை பார்க்கிறவர்கள் பள்ளி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வேண்டும்.

தண்ணீரிலும் ஒரு கணக்கு உண்டு. 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான அளவு 135 லிட்டர். காகிதத்தில் கிராமம் தோற்கிறது. நடைமுறையில் ஏரிக்கரைக் கிராமத்தில் கிணறும் போரும் கைகொடுக்கும். நகர விளிம்பில் அந்த 135 லிட்டர் பல தெருக்களுக்கு வந்து சேர்வதே இல்லை.

இப்போது ஊரப்பாக்கம். பெரும்பாலானோர் பணத்தைப் போடுவது இந்த மாதிரி இடங்களில்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

ஒரு கிராமமோ டவுனோ உருவாகும்போது ஆட்களும் வசதிகளும் கூடவே வளர்ந்தன. நகர விளிம்பில் வரிசை தலைகீழ். முதலில் சாலையும் ரயிலும். சாலையோரம் நீளமாகக் கடைகள். பிறகு பின்பக்கத்து வயல்களில் கல் நட்டு ஏதாவது ஒரு "நகர்" என்று பெயர் வைத்த லே-அவுட். அப்புறம் வீடுகள், அப்புறம் ஆட்கள். வடிகாலும் சாக்கடையும் பூங்காவும் கடைசியில், வந்தால் வரும்.

தனியார் வசதிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. சம்பளக்காரர்கள் குடியேறினால் சூப்பர் மார்க்கெட், கிளினிக், சி.பி.எஸ்.இ. பள்ளி, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும். அரசு வசதி அப்படி வராது. அது கோப்பில் நகர வேண்டும், கோப்பு நகர எண்ணிக்கை வேண்டும். சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதிமுறை. எந்த 30 ஆயிரம்? 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027-க்குத் தள்ளிப்போனது. ஆக, அதிகாரபூர்வமான எண்ணிக்கை என்றால் இத்தனை வருடமாக 2011-தான். மெதுவாக வளர்ந்த மதுராந்தகத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அடுக்குமாடிகள் முளைத்த ஊரப்பாக்கத்துக்கு அது பெரிய ஓட்டை. புதிதாக வந்த ஆட்கள் இருக்கிறார்கள், ஏட்டில் இல்லை.

ஊராட்சி என்ற அந்தஸ்தும் சேர்ந்து அழுத்துகிறது. வரி குறைவு என்பதால் மனை வாங்குகிறவர்கள் முதலில் சந்தோஷப்படுவார்கள். குறைந்த வரியில் குறைந்த ஆட்கள்தான் வேலைக்கு இருப்பார்கள். குப்பை வண்டி தெரு முனையோடு திரும்பிவிடும். கழிவுநீருக்கு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி. குடிக்க கேன் தண்ணீர், கோடையில் மற்றதற்கு டேங்கர். இந்தச் செலவை மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் மிச்சமான வரி எங்கே போனதென்று தெரியும். லே-அவுட்டுக்குள் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் உங்கள் தெருவுக்கு விளக்கு போட யாருக்கும் கடமை இல்லை.

வெள்ளத்தைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. அடையாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகளும் ஓடைகளும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 2015-ல் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பது பலருக்கு நினைவிருக்கும். பழைய ஊர் ஏன் மேட்டில் இருந்தது, இந்த லே-அவுட் போட்ட இடம் ஏன் காலியாகக் கிடந்தது என்ற கேள்வியை மனை வாங்கும்போது யாரும் கேட்காமல் விட்டதன் விலை அது. ஏரிக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டு நிலம் ஏரியைவிடத் தாழ்வானது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரி நீர் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அங்கே மாடு மேய்க்கிற பெரியவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு கிண்டியிலோ எழும்பூரிலோ இருக்க வேண்டியவருக்கு ஊரப்பாக்கத்தை விட்டால் மற்ற இரண்டும் உதவாது. செங்கல்பட்டுவரை மின்சார ரயில் அடிக்கடி ஓடுகிறது. செங்கல்பட்டைத் தாண்டினால் எண்ணிச் சில வண்டிகள்தான். காரில் வந்தால் பரனூர் சுங்கச்சாவடியும் போக்குவரத்து நெரிசலும். 2023 டிசம்பர் 30-ல் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்ததைச் சொல்லி மனை விலையை ஏற்றினார்கள். அது தென் மாவட்டத்துக்குப் போகிற எல்லோருக்குமான வசதி. உங்கள் வீட்டுக்கு அது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பயன்படும், நெரிசல் வருடம் முழுக்க இருக்கும். மெட்ரோ ரயில் திட்டம் பேச்சில் இருக்கிறது என்பதற்காக இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள்.

தொழிற்சாலையை நம்பி வாங்குவதும் அப்படித்தான். சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கிய துணைநகரம் மறைமலை நகர். அங்கே ஃபோர்டு ஆலை வந்து ஒரு தலைமுறையே அதை நம்பி வீடு கட்டியது. 2022-ல் கார் உற்பத்தி நின்றது. திரும்ப வருவதாகப் பிறகு அறிவிப்பு வந்தாலும் நடுவில் வாடகையை நம்பி இ.எம்.ஐ. கட்டியவர்கள் பட்ட பாடு பட்டதுதான். பல தொழில் உள்ள ஊர் மெதுவாக வளரும், ஆனால் ஒரே நாளில் படுக்காது.

மதுராந்தகத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அதன் பலம். சோழர் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர், பெரிய ஏரி, 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் கதையோடு சேர்ந்த ஏரி காத்த ராமர் கோயில், நெடுஞ்சாலை, ரயில், படாளத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று ஒவ்வொரு காலமும் ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு மாதம் ஒருமுறை பேங்க், டாக்டர், மருந்துக்கடை என்றால் ஆட்டோவில் பத்து நிமிடம். பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளிவரை உள்ளூரிலேயே. நகராட்சி என்பதால் புகார் கொடுக்க ஓர் ஆணையர் இருக்கிறார். பெரிய வியாதி என்றால் 25 கி.மீ. தூரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிறிஸ்டாலரின் வரிசைப்படி பார்த்தால் அடுத்த படி பக்கத்திலேயே இருக்கிறது. அவர் வரிசைக்குள் அடங்காத அதிசயமும் ஒன்று உண்டு: தெற்கே மேல்மருவத்தூர். ஒரு கோயிலைச் சுற்றி வளர்ந்த அந்தச் சின்ன ஊரில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

குறைகளும் தெளிவானவை. படித்து முடித்த பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை குறைவு. மனை விலை மெதுவாகத்தான் ஏறும். ஐந்து வருடத்தில் விற்று லாபம் பார்க்க நினைப்பவர் இங்கே வரக் கூடாது. சிறப்பு மருத்துவர்கள் வாரத்தில் சில நாட்கள் வந்து போவார்கள், அவ்வளவுதான்.

முடிவெடுக்க நான் சொல்லும் வழி எளிது. வீட்டில் ஒவ்வொருவரும் எதற்காக, எத்தனை முறை வெளியே போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தினமும் போவது நடக்கிற தூரத்தில், வாரம் போவது ஆட்டோ தூரத்தில், மாதம் போவது பஸ் தூரத்தில் இருந்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை போவது எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ஏர்போர்ட் பக்கம், மால் பக்கம் என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் அநேகமாக இந்தக் கடைசி வகைதான். இப்படி எழுதிப் பார்த்தால், வேலைக்குப் போகும் ஒருவருக்காக வீட்டில் மற்ற நாலு பேரின் தேவையைத் தள்ளிவைக்கிறோமா என்பது தெரிந்துவிடும்.

அந்த ஒருவர் வாரம் முழுக்கச் சென்னைக்குப் போக வேண்டும் என்றால் ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், மேடான பழைய தெருவில் பழைய வீடு தேடலாம். புதிய லே-அவுட்டைவிட அது மேல். வாரம் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும், அல்லது வேலை செங்கல்பட்டு, மகிந்திரா சிட்டி பக்கம் என்றால் மதுராந்தகம்தான் என் தேர்வு. கிராமம் என்றால் உங்கள் நிலமோ உறவோ அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும், அப்பா அம்மாவில் ஒருவராவது தனியாகப் பஸ் ஏறி இறங்கும் தெம்போடு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஏரிக்காற்றுக்காகப் போகிறவர்கள் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் டவுனில் வாடகைக்கு வீடு தேடுவார்கள்.

எங்கே வாங்கினாலும் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அங்கீகாரம் இல்லாத மனையைத் தொடாதீர்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தபோது எத்தனையோ பேர் பணம் முடங்கியது. அந்த மனைகளை முறைப்படுத்தப் பிறகு வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பிரித்த மனைகளுக்குத்தான்.

செங்கல்பட்டையே ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். 2019-ல் தனி மாவட்டத்தின் தலைநகரானது, மின்சார ரயில் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பணம் எட்டினால் மூன்றையும்விட அது நல்ல ஊர். எட்டாதவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.